நத்தைகுத்தி நாரையின் அலகு ஏன் மூடுவதில்லை

மனிதர் பேச்சு பறவைக்கும், பறவை பேச்சு மனிதருக்கும் விளங்கிய அந்தக் காலத்தில் கருவாலி என்றொரு நாரை இருந்தாள். வெள்ளை உடம்பு, கறுத்த வால், மேலும் கீழும் இம்மி பிசகாமல் பொருந்தும் நேரான அலகு.

ஒரு கோடையில் அவள் கூடு கட்டியிருந்த ஏரி பாளம் பாளமாக வெடித்துவிட்டது. கூட்டில் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்து கிடந்தன. கருவாலி தண்ணீர் தேடிப் பறந்தாள். மலையடிவாரத்தில் ஒரு கல்வெட்டாங்குழி தெரிந்தது. கோட்டை கட்டுவதற்காகக் கல் எடுத்த பள்ளம் அது. நல்ல கல் தீர்ந்ததும் வேலையாட்கள் வேறு மலைக்குப் போய்விட்டார்கள். கல் உடைக்கும் சடைச்சி மட்டும் விட்டுப்போன உளிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

குழியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் பாறைச் சுவரை ஒட்டி நின்ற கருவாலிக்கு உள்ளே சலசலவென்று ஏதோ கேட்டது.

"அக்கா, இந்தப் பாறைக்குள் தண்ணீரா ஓடுகிறது?"

"ஆமாம், பெரிய ஊற்று. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று எங்கள் ஆட்கள் இரும்பு ஆப்பு அடித்து அடைத்துவிட்டார்கள். அந்த வெடிப்புக்குள் இருக்கிறது பார்."

"அதைப் பிடுங்கிவிடேன். என் பிள்ளைகள் நாக்கு வறண்டு கிடக்கிறார்கள்."

சடைச்சி விரலை விட்டுப் பார்த்தாள், நுழையவில்லை. உளியால் நெம்பினாள், ஆப்பு இன்னும் உள்ளே போனது. பிறகு கருவாலியின் அலகை உற்றுப் பார்த்தாள்.

"உன் அலகு நுழையும். ஆனால் அது ஒடிந்தால் நீ எப்படித் தின்பாய், பிள்ளைகளுக்கு எப்படி ஊட்டுவாய்?"

"தண்ணீர் இல்லாவிட்டால் ஊட்டப் பிள்ளைகளே இருக்க மாட்டார்கள் அக்கா" என்றாள் கருவாலி.

அலகை வெடிப்புக்குள் விட்டு ஆப்பைக் கவ்வினாள். சடைச்சி அவளை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, பாறையில் காலை ஊன்றி இழுத்தாள். அலகு நெளிந்தது. வலி கண்ணைக் கட்டியது. கருவாலி விடவில்லை. ஆப்பு கிறீச்சென்று அசைந்தது, இன்னும் கொஞ்சம் அசைந்தது, பிறகு பிடுங்கிக்கொண்டு வந்தது.

அதன் பின்னாலேயே ஊற்று பீறிட்டது. இருவரையும் அடித்துத் தள்ளியது. சடைச்சி நாரையை இடுக்கிக்கொண்டு சரிவில் ஏறி ஓடினாள். மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது பள்ளம் முழுக்க வானம் மிதந்தது.

கருவாலி அன்றே குஞ்சுகளுக்குத் தண்ணீர் சுமந்தாள். சேதி பரவியதும் கொக்கும் தாராவும் நீர்க்காகமும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. சடைச்சி கரையைச் சுற்றிக் கருவேலங்கன்று நட்டாள். தண்ணீரை இறைத்துவிட்டு, மிச்சமிருந்த மட்டக் கல்லையாவது எடுக்கலாமென்று வந்த மேஸ்திரியை வழிமறித்து நின்றாள்.

"இத்தனை பேர் குடியிருக்கும் வீட்டில் எப்படி உளி வைப்பாய் அண்ணே?" என்றாள். மேஸ்திரி பறவைகளைப் பார்த்தார். சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

கருவாலியின் அலகு மட்டும் நேராகவில்லை. நுனி மூடினாலும் நடுவில் சந்து விழுந்தது. மீன் வழுக்கி ஓடியது. பசியோடு சேற்றைத் துழாவியவளுக்கு ஒரு நத்தை அகப்பட்டது. சந்துக்குள் அது கச்சிதமாக உட்கார்ந்தது. ஓட்டுக்குள்ளிருந்த சதையை நுனியால் உருவி எடுத்தாள். பக்கத்திலேயே இன்னொன்று, அதற்கப்பால் இன்னும் பல. தன் வாயால் இப்படியும் முடிகிறதே என்று அவளுக்கே வியப்பு.

அவள் கூட்டுக்குக் கொண்டுவந்த ஒரு நத்தையைக் குஞ்சுகளும் கவ்விப் பார்த்தன. அது வழுக்கி விழுந்தது.

"அம்மா, எங்களுக்கும் உன் அலகு வேண்டும்."

"முதலில் பறக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு தருகிறேன்" என்றாள் கருவாலி.

அன்று முதல்தான், நேரான அலகோடு பிறக்கும் நத்தைகுத்தி நாரைக் குஞ்சுக்கு, கூட்டைவிட்டுப் பறந்து வளர்ந்த பிறகு அலகின் நடுவே தாயைப் போலவே சந்து விழுகிறது.