இடப்பக்க சீட்டு

திண்டுக்கல்லில் பழைய கார்களுக்கு உள்வேலை செய்கிற கடை ஒன்று இருந்தது. கிழிந்த சீட்டு, தொங்கிப்போன மேல்துணி, எலி கடித்த கதவு அட்டை, எதுவானாலும் அங்கே கொண்டுபோய் விட்டால் போதும். நடத்தியவர் ஜெய்லானி பீவி. நாற்பதைத் தொடாத வயது. ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவர் இன்னாசி. மாஸ்டரைவிட வயதில் ரொம்ப மூத்தவர், மீசையெல்லாம் நரைத்தாயிற்று. முன்பு வேன் ஓட்டியவர். அதை ஏன் விட்டார் என்று கடையில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கை மட்டும் நல்ல கை. கோணூசியைப் பிடித்தால் தையல் ஒரே சீராக ஓடும்.

ஆனாலும் ஒரு தொல்லை. இன்னாசி நார் அடைத்துத் தைக்கிற சீட்டில் ஒன்று மட்டும் நிற்காது. எந்தக் காரானாலும் சரி, டிரைவருக்கு இடப்பக்கத்து முன்சீட்டு. மாலையில் திம்மென்று இருக்கும். காலையில் வந்து பார்த்தால் யாரோ உட்கார்ந்த மாதிரி குழி விழுந்திருக்கும்.

மதுரையில் ஒரு கடை, திருச்சியில் ஒரு கடை. இரண்டும் இதற்காகவே அவரை அனுப்பிவிட்டன. குழி விழுகிற சீட்டைத் தைக்கிற ஆளை வைத்துக்கொண்டு எந்த முதலாளி என்ன செய்வான்? இதுவும் போனால் இந்த வயதில் இன்னொரு தொழில் கற்க அவருக்குத் தெம்பு கிடையாது. பேய் என்று சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் வேலை தெரியாதவன் என்பார்கள். பாவம், மனுஷன் எந்தப் பக்கம்தான் போவார்?

அந்தச் சமயம் தாண்டிக்குடி எஸ்டேட்காரர் ஒருவரின் பழைய ஃபியட் கார் வேலைக்கு வந்தது. இன்னாசி ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டினார். அதன் மேல் சாக்கு, சாக்கின் மேல் தேங்காய் நார், நாரின் மேல் ஸ்பாஞ்சு. கருஞ்சிவப்பு ரெக்சினைச் சுருக்கமில்லாமல் இழுத்துத் தைத்தார். முழங்காலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

காலையில் ஷட்டரைத் தூக்கினார். குழி விழுந்திருந்தது. கதவுப் பக்கம் கூடுதல் பள்ளம். அந்தக் கதவின் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அவர் ஏற்றிவிட்டுப் போன கண்ணாடி.

ரெக்சின் மேல் கையை வைத்தார். சூடாக இருந்தது. வெயில் இன்னும் கடைக்குள் வரவில்லை.

பிரித்தார். மறுபடி அடைத்தார். மறுநாளும் அதே குழி, அதே பாதிக் கண்ணாடி. அன்று மத்தியானம் காருக்கு வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பட்டப்பகலில், அவர் கண் முன்னாலேயே ஸ்பிரிங் ஒரு தடவை முனகியது. சீட்டு மெதுவாக இறங்கிக்கொண்டது.

டீ கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. மாஸ்டர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"என்னண்ணே?"

"மாதாவே... மாஸ்டர், இதுல யாரு உக்கார்றது?"

மாஸ்டர் சீட்டைப் பார்த்தார். இறங்கியிருந்த கண்ணாடியைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் கேட்கிற குரலில் சொன்னார்.

"கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா? இங்க வேலை கெடக்கு."

ஸ்பிரிங் முனகியது. குழி மெல்ல மேலே வந்து சமமானது.

இன்னாசி அங்கேயே நார்க்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நல்ல மனுஷன்தான். சொன்னா கேக்குறார்," என்றார் மாஸ்டர். "யாருண்ணே இவரு?"

இன்னாசி தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார்.

"என் மச்சான் சவரிமுத்து. என் வீட்டுக்காரியோட அண்ணன்."

"சொல்லுங்க."

"ஒட்டன்சத்திரத்துல தக்காளி ஏத்திக்கிட்டு மதுரைக்குப் போனோம். நான் ஓட்டுறேன். அவரு பக்கத்து சீட்டுல. கண்ணாடியப் பாதி இறக்கி, முழங்கைய வச்சு, கதவுல சாஞ்சு உக்காருவாரு. எப்பவும் அப்படித்தான். நான் வழியெல்லாம் பேசிக்கிட்டே போனேன். மக கல்யாணம், மாப்பிள்ளை வீடு, மாப்பிள்ளையோட அம்மா பண்ற அலும்பு, எல்லாம் பேசினேன். நடுவுல ஒரு இடத்துல நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சாருன்னு நெனச்சேன்."

மாஸ்டர் உடைந்த கிளாஸைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"மார்க்கெட்ல வண்டிய நிறுத்தி, 'மச்சான், ஊரு வந்துருச்சு'ன்னு தோளத் தொட்டேன். சில்லுன்னு இருந்துச்சு. எப்பப் போனாருன்னே தெரியல மாஸ்டர். எந்த ஊருக்கிட்ட போனாரோ, நான் எதைப் பேசிக்கிட்டு இருந்தப்போ போனாரோ. செத்தவருகிட்டயே பேசிக்கிட்டு வந்திருக்கேன்."

இன்னாசி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடக்கி வைத்திருந்த அழுகை, சட்டென்று நிற்கவில்லை.

"அன்னிக்கு விட்டதுதான் ஸ்டியரிங். அந்தப் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பாக்க முடியல. இந்த வேலைக்கு வந்தா, இங்கயும் வந்து உக்கார்றாரு. என்மேல என்ன கோவமோ? எப்படியாவது போகச் சொல்லுங்க மாஸ்டர். நீங்க சொன்னா கேக்குறாரே."

"நான் எதுக்குச் சொல்லணும்? என்னைப் பாக்கவா வந்தாரு?"

மாஸ்டர் பின்கட்டுக்கு நடந்தார். இன்னாசியும் எழுந்து பின்னாலேயே போனார். ஃபியட் பக்கம் தனியாக நிற்க அவருக்குப் பயம்.

பின்கட்டில் கடையின் சொந்த வேன் நின்றது. தைத்த சீட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோகிற பழைய வேன். ஊருக்கெல்லாம் சீட்டு தைக்கிற கடையின் வேனில் இடப்பக்க சீட்டே கிடையாது. வெறும் இரும்புச் சட்டம் மட்டும் துருவேறி இருந்தது.

"அவருக்குன்னு ஒரு சீட்டு இல்லண்ணே. அதான் கண்ட சீட்டுல உக்கார்றாரு. இதுல ஒண்ணு பண்ணுங்க."

"பேய்க்கு சீட்டா?"

"உங்க மச்சானுக்கு. ஆள் என்ன கனம்?"

"நல்ல கனம். விருந்துன்னா ரெண்டு ஆள் சாப்பாடு சாப்புடுவாரு." சொல்லிவிட்டு இன்னாசி அவரையறியாமல் சிரித்துவிட்டார். சிரித்ததும் பயந்துபோனார்.

"அப்ப தடிச்ச ஸ்பிரிங்காப் போடுங்க. கதவுப் பக்கம்தான சாய்வாரு? அங்க நாரைக் கூட வைங்க. முழங்கை வைக்கிற இடத்துல ஸ்பாஞ்சு வச்சுத் தைங்க."

இன்னாசி அந்த வேலையைத் தொடங்கினார். முதலில் ஊசி விரலில் ஏறியது. அளவெடுக்க ஆள் இல்லை. கண்ணை மூடி, மச்சான் எப்படி ஏறுவார், எப்படிப் பெருமூச்சு விட்டு உட்காருவார், வேட்டியை எப்படி ஒதுக்குவார் என்று நினைத்து நினைத்து அடைத்தார். முதுகு வளைவுக்கு நாரை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவர் தைக்கிறபோது எதிரே யாரோ குனிந்து வேலையைப் பார்ப்பது போல ரெக்சின் மேல் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் நிமிர்வதை விட்டுவிட்டார். நிழல் மறைத்தபோது, "வெளிச்சம் வேணும், தள்ளுங்க மச்சான்," என்று வாய் தானாகச் சொன்னது. வெளிச்சம் வந்தது.

சீட்டைச் சட்டத்தில் மாட்டி முடித்தார்கள்.

மறுநாள் காலை இன்னாசி நேராக ஃபியட்டிடம் போனார். இடப்பக்க சீட்டு திம்மென்று இருந்தது. கண்ணாடி மேலே இருந்தது. கை வைத்துப் பார்த்தார், ரெக்சின் குளிர்ந்திருந்தது. அன்றே எஸ்டேட்காரர் வந்து, உட்கார்ந்து குலுங்கிப் பார்த்து, "பிரமாதம்" என்று சொல்லிக் காரை எடுத்துக்கொண்டு போனார். இன்னாசிக்கு வேலை நிலைத்துவிட்டது.

அதன் பிறகு அவர் பின்கட்டுக்குப் போனார். வேனின் புது சீட்டில் குழி இல்லை. எங்கேயும் ஒரு சுருக்கம்கூட இல்லை.

மாஸ்டர் வேனின் பின்னால் சீட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். வத்தலகுண்டில் ஒரு காருக்குப் போக வேண்டியவை.

"மாஸ்டர், போயிட்டாரா?"

கேட்டபோது நிம்மதியாகத்தான் கேட்டார். கேட்டு முடித்ததும், போய்விட்டார் என்று மாஸ்டர் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

மாஸ்டர் வேனின் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"எங்க போறது? அளவு சரியா இருந்தா சீட்டு எதுக்குக் குழியும்?"

இன்னாசி இடப்பக்கம் திரும்பினார். கதவின் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

"நான் என்ன பண்ணணும் மாஸ்டர்?"

"அன்னிக்கு நீங்க பேசினதுல பாதிதான் அவர் காதுல விழுந்திருக்கும். வண்டிய எடுங்க. மிச்சத்தச் சொல்லிக்கிட்டே போங்க."