நேராக நின்ற முள்

"அந்தப் பொண்ணை ஊருக்கு அனுப்பிடுங்கம்மா. நான் எது சொன்னாலும் மாத்தித்தான் பேசுறா," என்றார் அம்பலவாணர்.

மலையடிவாரத்து மருத்துவ மடத்தில் தவமணியம்மை குரு. அம்பலவாணர் சீடர். குருவைவிட அவருக்கு வயது அதிகம். ஊர்த்தலைவராய் மணியம் பார்த்தவர். அவர் சொன்னதற்கெல்லாம் ஊரே தலையாட்டியிருக்கிறது. மடத்தில் ஆடாத தலை ஒன்றே ஒன்றுதான். அது உடன் பயிலும் செல்லக்கிளியின் தலை.

என்ன தகராறு என்று குரு கேட்டார்.

தகராறு மாத்திரையைப் பற்றியது. விஷக் காய்ச்சலுக்கான மாத்திரை. நஞ்சைச் சுத்தி செய்து, அரைத்து, ஒவ்வொன்றையும் ஒரு குன்றிமணி எடைக்கு உருட்ட வேண்டும். குறைந்தால் காய்ச்சல் இறங்காது. கூடினால் ஆள் தாங்கமாட்டார்.

அம்பலவாணர் தாம் உருட்டியதையெல்லாம் தராசின் ஒரு தட்டில் கொட்டினார். மறு தட்டில் அதே எண்ணிக்கையில் குன்றிமணிகளைப் போட்டார். முள் அசையாமல் நேராக நின்றது. செல்லக்கிளி மட்டும் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்று சொல்லி, எல்லாவற்றையும் கலைத்து மறுபடி உருட்டச் சொல்லிவிட்டாள்.

"தராசே ஒத்துக்கிச்சு. இவளுக்கு என்னம்மா?"

குரு தராசை எட்டிப் பார்த்தார்.

"முள் நேராத்தான் நிக்குது," என்றார்.

அம்பலவாணருக்கு உச்சி குளிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருத்தி தன் கணவனைத் தாங்கிப் பிடித்தபடி வந்து நின்றாள். அவனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. குரு நாடி பிடித்துப் பார்த்தார். விஷக் காய்ச்சல்தான்.

"ஒரு மாத்திரை கொடுங்க," என்றார் அம்பலவாணரிடம்.

உருட்டியவர்தான் தம் கையால் எடுத்து நோயாளியின் உள்ளங்கையில் வைக்க வேண்டும். அது மடத்து வழக்கம்.

அவன் கையை நீட்டினான். ஐயா எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிடுவான் போலிருந்தது.

அம்பலவாணர் ஒன்றை எடுத்தார். கொஞ்சம் பெரிசாகத் தெரிந்தது. தட்டிலேயே போட்டார்.

இன்னொன்றை எடுத்தார். இது சிறிசு. அதையும் போட்டார்.

மூன்றாவதை எடுக்கக் கை வரவில்லை. மணியம் பார்த்த காலத்தில்கூட அவர் இப்படிப் பயந்ததில்லை. நோயாளியின் மனைவி அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன யோசனை?" என்றார் குரு. "முள்தான் நேரா நிக்குதே."

அம்பலவாணர் தட்டோடு எடுத்து மருந்தரைக்கும் கல்வத்தில் கவிழ்த்தார். இன்னும் ஈரம் காயாத மாத்திரைகளை எல்லாம் ஒன்றாகப் பிசைந்தார்.

"செல்லக்கிளியைக் கூப்பிடுங்கம்மா."

"எதுக்கு? ஊருக்கு அனுப்பவா?"

"நான் ஒண்ணு உருட்டுறேன். அவ பக்கத்துல நின்னு, சரியில்லைன்னா சரியில்லைன்னு சொல்லட்டும்."