மகாராஜா அணிந்த கடன் கவசம்

மருதங்காட்டை ஆண்ட சந்திரவீர ராஜாவுக்கு எதிரிப் படையைப் பார்த்தால் கை நடுங்காது. கடைவீதியைப் பார்த்தால்தான் மனசு நிற்காது. அத்தர், முத்துக் குஞ்சலம், பேசும் கிளி என்று எதைக் கண்டாலும் வாங்கிவிடுவார்.

இந்தப் பலவீனத்தை மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தார் துறைமுகத்து வணிகர் மதுரநாயகம். முத்திரை குத்திய செப்பு வில்லை ஒன்றை ராஜாவிடம் கொடுத்தார். அதை எந்தக் கடையில் காட்டினாலும் பொருள் கிடைக்கும். கடைக்காரருக்கு மதுரநாயகம் உடனே பணம் கொடுத்துவிடுவார். ராஜா பிற்பாடு வட்டியோடு அவருக்கு மாதத் தவணையில் கட்டினால் போதும். அரண்மனை ஊழியர்களும் ஆளுக்கொரு வில்லை வாங்கிக்கொண்டார்கள். ஒரே வருஷத்தில் ராஜாவின் பாக்கி மட்டும் ஆயிரம் பொன்னைத் தொட்டது. மகாராணிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த முகவாட்டத்தைப் பார்த்துத்தான் மதுரநாயகம் அடுத்த சரக்கை அவிழ்த்தார். அதன் பெயர் கடன் கவசம். பாக்கியில் நூற்றுக்கு ஒரு பொன் மாதாமாதம் தனியாகக் கொடுக்க வேண்டும். நோய் வந்தாலோ, உத்தியோகம் போனாலோ, உயிரே போனாலோ பாக்கியைப் பற்றிக் கவலையில்லை, அதைக் கவசம் பார்த்துக்கொள்ளும் என்றார்.

ராஜாவுக்கு நெஞ்சில் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. தனக்கு மட்டுமல்ல, ஊழியர் எல்லோருக்கும் கட்டாயமாக்கி, சம்பளத்திலேயே பிடித்துவிடலாம் என்று அன்றிரவு வணிகருக்கு அரண்மனையில் வைத்த விருந்தில் வாக்கும் கொடுக்க இருந்தார். பாதி வாயைத் திறந்தபோது ஏதோ ஒரு சந்தேகம் தடுத்தது.

விகடகவி வைரவநாதனைத் தனியே கூப்பிட்டார்.

“இந்தக் கவசம் தேவையா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் நீ தேவை என்று சொல்லக் கூடாது, ஊழியர்கள் உன்னைத் திட்டுவார்கள். தேவையில்லை என்றும் சொல்லக் கூடாது, விருந்தாளி மனம் நோகும். சொல்லாமல் சொல்.”

வைரவநாதன் தலையைச் சொறிந்துகொண்டே போனான்.

மறுநாள் சபை கூடியது. வைரவநாதன் ஆயுதசாலையிலிருந்து நிஜமான போர்க்கவசத்தையே தூக்கி வரச் செய்திருந்தான். கவசம் என்றால் போட்டுப் பார்த்துத்தானே வாங்க வேண்டும் என்றான். ராஜாவும் சரியென்று எழுந்து, தலைக்கவசம் முதல் முழங்கால் தகடு வரை மாட்டிக்கொண்டு கம்பீரமாக நின்றார். மதுரநாயகத்தைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வைரவநாதன் விசாரிக்கத் தொடங்கினான்.

மகாராஜாவுக்கு மூட்டுவலி வந்து படுத்துவிட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்டான். அது பல வருஷத்து வலி ஆயிற்றே, வாங்குவதற்கு முன்பே இருக்கும் நோய் சேராது என்றார் வணிகர். வைரவநாதன் குனிந்து, ராஜாவின் முழங்கால் தகடுகளைக் கழற்றி வணிகர் கையில் கொடுத்தான்.

புதுக் காய்ச்சல் வந்தால்? ஒரு மாதம் முழுக்கப் படுக்கையில் கிடந்தால் அந்த மாதத் தவணையை மட்டும் கவசம் கட்டும், முழுப் பாக்கியையும் அல்ல என்றார். தோள் தகடுகள் கழன்றன. வணிகருக்குக் கை கொள்ளவில்லை. மாட்டிக்கொண்டால் பாரம் தெரியாது என்று வைரவநாதனே அவருக்கு மாட்டிவிட்டு, வாரையும் இறுக்கினான்.

“உத்தியோகம் போனால் கவசம் உண்டென்றீர்களே ஐயா?”

“உண்டு. ஆனால் ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்குத்தான். மகாராஜா யாரிடமும் வேலை பார்க்கவில்லையே.”

“போரில் தோற்று நாடு போனால்?”

“போர் சேராது.”

தலைக்கவசம் வணிகர் தலைக்குப் போனது. சபையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ராஜாவுக்கு லேசாகக் குளிர்ந்தது. இருந்தாலும் மார்புத்தகடு மிச்சம் இருந்ததால் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“நான் கண்ணை மூடிவிட்டால்?” என்று அவரே கேட்டார்.

“பாக்கி முழுவதும் அடைந்துவிடும் மகாராஜா. துறைமுகத்தில் பாத்திரம் செய்யும் கன்னான் ஒருவன் இறந்தபோது அவன் மனைவி அப்படித்தான் கடனிலிருந்து தப்பினாள். பொய் சொல்லவில்லை.”

“நம்புகிறேன் ஐயா” என்றான் வைரவநாதன். “எத்தனை வயது வரை?”

“அறுபது நிறையும் வரை.”

சபையே ராஜாவைத் திரும்பிப் பார்த்தது. வருகிற தை மாதம் மகாராஜாவுக்கு அறுபதாம் கல்யாணம். பந்தல்காலே நட்டாகிவிட்டது.

மார்புத்தகடும் போனது. ராஜா வெறும் வேட்டியோடு நின்றார். பக்கத்தில் மதுரநாயகம் உச்சி முதல் கால் வரை இரும்பில் வேர்த்துக்கொண்டிருந்தார்.

“நான் தேவை என்றும் சொல்லவில்லை, தேவையில்லை என்றும் சொல்லவில்லை” என்றான் வைரவநாதன். “மாதாமாதம் பணம் கொடுக்கப்போவது யார், கவசம் யார் மேல் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.”

ராஜா பார்த்தார். முதலில் வெட்கம் வந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது. மதுரநாயகமும் வேறு வழியில்லாமல் சிரித்துவைத்தார்.

கட்டாயம் என்ற பேச்சு அத்தோடு போயிற்று. சேமிப்பில்லாத, குடும்பம் தன்னை நம்பியிருக்கிற ஊழியர் யாராவது இத்தனை கேள்வியும் கேட்டுவிட்டு விரும்பினால் வாங்கிக்கொள்ளட்டும் என்று ராஜா உத்தரவிட்டார். தன் கவசத்துக்குப் போகவிருந்த பத்துப் பொன்னை மாதாமாதம் கடனிலேயே கூடுதலாகக் கட்டச் சொன்னார். அன்று மாலை மகாராணியிடம் தானே போய் உண்மையைச் சொல்லவும் செய்தார். அங்கே எந்தக் கவசமும் உதவவில்லை என்பது வேறு விஷயம்.

வைரவநாதனுக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்கள்.

“எனக்கும் அந்த வில்லையில் ஏழு பொன் பாக்கி இருக்கிறது, மகாராஜா. அதை நீங்கள் கட்டிவிடுங்கள். மூட்டுவலி, காய்ச்சல், வயது எதையும் விசாரிக்காத கவசம் இந்த ஊரில் நீங்கள் ஒருவர்தான்.”