பூசனூரார் பிளாஸ்டிக் பிரித்த கதை

பூசனூர் ஆண்களுக்குக் கூட்டம் போடத் தெரியும். குனிந்து ஒரு கவரைப் பொறுக்கத் தெரியாது. குளத்தங்கரையில் தொடங்கும் ஊர்க் கால்வாய் முழுக்க அவர்கள் வீசிய பிளாஸ்டிக்தான். கால்வாய் முடிகிற பள்ளத்தில் துளுக்காணத்தின் வீடு. மழை பெய்தால் சாக்கடை நேராக அவன் கூடத்துக்குள் வந்து உட்காரும்.

“இந்த மழைக்கும் தண்ணி உள்ள வந்துச்சுன்னா, பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்” என்றாள் அவன் மனைவி அஞ்சலாட்சி.

நல்லவேளை, பழைய பிளாஸ்டிக் எடுக்கும் வண்டியோடு தமயந்தி வந்தாள்.

“ஒவ்வொரு பிளாஸ்டிக்லயும் முக்கோணத்துக்குள்ள நம்பர் இருக்கும், பார்த்துப் பிரிங்க. நம்பர் அழிஞ்சிருந்தா தண்ணியில போடுங்க. ரெண்டு, நாலு, அஞ்சு மிதக்கும். ஒண்ணு, மூணு மூழ்கும். மூணை எரிச்சா விஷப்புகை. கவர்ல சூடா எதையும் ஊத்தாதீங்க. பிரிச்சு வெச்சாதான் எடுப்பேன்.”

துளுக்காணம் ஒரு சொல்லைக்கூடத் தவறவிடவில்லை. ஆபத்தே அதுதான்.

அன்றே டீக்கடையில் சாம்பாரை விசிறி ஆறவைத்து, பிறகு கவரில் வாங்கினான். வீட்டுக்கு வந்து கவரோடு அடுப்பில் வைத்தான். “ஊத்தறப்போ சூடா இல்லியே!” என்று கடைசிவரை வாதாடினான்.

மறுநாள் அவனும் ஊர்த் தலைவர் ராசவேலுவும் கூட்டாளி செங்கேணியும் கால்வாயை வழித்து அள்ளினார்கள். நம்பர் பார்க்கத் தலைவருக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி எதிரே இருந்த அவர் வீட்டில். அவ்வளவு தூரம் யார் நடப்பது? மொத்தத்தையும் குளத்தில் கொட்டினார்கள்.

“தலைவரே, தண்ணி பாட்டில் ஒண்ணாம் நம்பராச்சே. ஏன் மிதக்குது?” என்று கேட்டான் துளுக்காணம்.

“சொன்ன பேச்சு கேக்காத பாட்டிலு.”

“விட்டுட்டா மத்ததும் கெட்டுடும்ணே” என்றான் செங்கேணி.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அஞ்சலாட்சி நிமிர்ந்தாள். “மூடியைக் கழட்டுங்கய்யா. தண்ணி உள்ள போனா தானா மூழ்கும்.”

“நடுவுல பேசாதம்மா. முடிவெடுத்துக்கிட்டிருக்கோம்ல?” என்றார் தலைவர்.

முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் கல்லைக் கட்டி மூழ்கடித்தார்கள். அதற்கே பொழுது சாய்ந்தது. முதுகு வலித்தாலும் துளுக்காணத்துக்கு மனசு குளிர்ந்தது. கால்வாய் சுத்தம், பெண்டாட்டி போகமாட்டாள்.

மழை வந்தது. குளம் நிரம்பி வழிந்தது. மிதந்ததெல்லாம் கால்வாயில் இறங்கி, வழி தெரிந்த விருந்தாளி போல நேரே துளுக்காணத்தின் கூடத்துக்குள் நுழைந்தது.

முழங்கால் தண்ணீரில் நின்றபடி அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

“அஞ்சலாட்சி, வந்து பாரேன்! ரெண்டு, நாலு, அஞ்சு… ஒரு ஒண்ணு, ஒரு மூணுகூடக் கலக்கல! எப்படிப் பிரிச்சிருக்கோம் பாரு!”

அஞ்சலாட்சி துணிமணியைக் கூடையில் அடுக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு வாசலைத் தாண்டியிருந்தாள்.

“அஞ்சலாட்சி! நில்லு!” துளுக்காணம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடினான். குரல் உடைந்தது. “போகாத, ஒரு நிமிஷம் நில்லு!”

என்ன இருந்தாலும் புருஷன். அவள் நின்று திரும்பினாள்.

“அந்தக் கூடை அஞ்சாம் நம்பர்” என்றான் அவன். “வெச்சிட்டுப் போ. வண்டி வர்ற நேரம்.”