மகாராஜாவைக் கேட்காமல் உதைத்த கால்

ஈட்டிமலைக் காட்டுக்கு ஒரு கரடிதான் ராஜா. பெயர் பரட்டையார். உடம்பு முழுக்க முடி, தலை முழுக்க கர்வம்!

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எதையும் தானாகச் செய்துவிடக் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டுமா? பரட்டையார் முன்னால் வந்து நின்று, "உத்தரவா?" என்று கேட்க வேண்டும். அவர் தேன் நக்கிக்கொண்டே, "உத்தரவு!" என்பார். அப்புறம்தான் குடிக்கலாம். முதுகு அரித்தாலும் இதே கதைதான். மான்கள் வரிசையில் நின்று நின்று, அரிப்பே போய்விட்டது என்று திரும்பி நடக்கும்.

இதில் அதிகமாக அவதிப்பட்டது காத்தாயி என்ற கருமந்திதான். மர உச்சியில் உட்கார்ந்து காவல் பார்ப்பது அவள் வேலை. சிறுத்தை வந்தால் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் குரல் கொடுப்பதற்கும் உத்தரவு வாங்க வேண்டுமே! போன மாதம் சிறுத்தையைப் பார்த்ததும் அவள் அடித்துப் பிடித்துக் கீழே இறங்கி ஓடினாள். பரட்டையார் கொட்டாவி விட்டு முடித்து, "உத்தரவு!" என்று சொல்வதற்குள் ஒரு முயலின் வால் போய்விட்டது. நல்லவேளை, முயல் தப்பித்தது.

"மகாராஜா, ஆபத்து நேரத்துல மட்டுமாவது நானே கத்திடறேனே!" என்று காத்தாயி கெஞ்சினாள்.

"அதெல்லாம் நடக்காது! என் உத்தரவு இல்லாம இந்தக் காட்டுல ஒரு கால்கூட அசையக் கூடாது!"

"ஆஹா! என்ன ஒரு பேச்சு!" என்றது மந்திரி முள்ளம்பன்றி. பரட்டையார் தும்மினாலும் அது அப்படித்தான் சொல்லும்.

ஒரு நாள் மத்தியானம். பரட்டையாருடைய சிம்மாசனம் ஒரு பெரிய பாறை. அதன் முன்பக்கம் புல்தரை. பின்பக்கம் அருவி, விழுந்தால் எலும்புகூட மிஞ்சாது. அன்றைக்கு ராஜா புல்தரையில் இறங்கி, பலாமரத்துக்கு அடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒரு முழுத் தேனடையை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே சற்று மேலே, தாழ்ந்த கிளையில் காத்தாயி உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் பிறந்து இருபதே நாளான குட்டி. கால் இரண்டும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து ஒரு கட்டெறும்பு அவள் முழங்காலில் ஏறியது. கொண்டையன் என்ற மரங்கொத்தி அதைப் பார்த்துவிட்டான். எறும்பு தின்ன காலையிலேயே உத்தரவு வாங்கி வைத்திருந்தான், பாவம். எறும்பு முழங்கால் சில்லைத் தாண்டி அதற்குக் கீழே போனது. கொண்டையன் குறி பார்த்தான்.

டொக்!

அவ்வளவுதான்! காத்தாயியின் கால் விசுக்கென்று முன்னால் எகிறியது. நேராகப் போய் மகாராஜாவின் மூக்கில் இறங்கியது. தேனடை பறந்து போய்ச் சிம்மாசனத்தின் மேல் சப்பென்று விழுந்தது.

கொண்டையன் பயத்தில் பறந்து போய் ஒரு பொந்துக்குள் ஒளிந்துகொண்டான்.

"யாரடி அது? என்னையா உதைச்சே?" பரட்டையார் போட்ட சத்தத்தில் இரண்டு பலாக்காய் உதிர்ந்தன. மூக்கு அதற்குள் கத்தரிக்காயாக வீங்கிவிட்டது.

"ஐயோ மகாராஜா! நான் உதைக்கலை! என் கால்தான் உதைச்சது!"

"கேட்டீங்களாய்யா கதையை! கால் உதைச்சதாம், இவ உதைக்கலையாம்! காலுக்கு யாரு உத்தரவு போட்டது? உன் தலைதானே?"

"என் தலைக்கு ஒண்ணுமே தெரியாது மகாராஜா! கால் தூக்கின அப்புறம்தான் தூக்கினதே எனக்குத் தெரிஞ்சது!"

"பொய்! சுத்தப் பொய்!" என்றது முள்ளம்பன்றி.

பரட்டையார் தீர்ப்பு சொன்னார். "உத்தரவில்லாம யார் கால் உதைச்சாலும் நாடு கடத்தணும். அதுதான் இனிமே சட்டம். சூரியன் இறங்குறதுக்குள்ள நீ ஊசிப்பாறையைத் தாண்டிப் போயிடணும்!"

காத்தாயிக்கு உயிரே போய்விட்டது. ஊசிப்பாறைக்கு அந்தப் பக்கம் மரம் கிடையாது. தின்ன ஒரு இலை கிடையாது. அங்கேதான் சிறுத்தை குடியிருக்கிறது. இருபது நாள் குட்டியை வைத்துக்கொண்டு மொட்டைப் பாறையில் அவள் எங்கே ஏறுவாள், எங்கே ஒளிவாள்? குட்டியை மார்போடு இறுக்கிக்கொண்டு அழுதாள். அவள் அழ, குட்டியும் வீல் என்று அழ ஆரம்பித்தது.

பொந்துக்குள் இருந்த கொண்டையனுக்கு அந்த அழுகை தாங்கவில்லை. வெளியே போனால் தனக்கும் தண்டனைதான் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் அந்தச் சின்னக் குரல் அவனைப் பிடித்து இழுத்தது. படபடவென்று பறந்து வந்து ராஜா முன்னால் விழுந்தான்.

"மகாராஜா! அக்கா மேல தப்பே இல்லை! எறும்பைப் பிடிக்க நான்தான் அவங்க முழங்காலுக்குக் கீழ கொத்தினேன்! கொத்தினதும் கால் தானா எகிறிடுச்சு!"

"நீ கொத்தினது எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அதுக்கா இப்படி ஒரு உதை? கொத்தினது உன் தப்பு, உதைச்சது அவ தப்பு. ரெண்டு பேருமே கிளம்புங்க!"

"ஆஹா! என்ன ஒரு நியாயம்!" என்றது முள்ளம்பன்றி.

அப்போது பட்டமரத்தின் மேலிருந்து கரகரவென்று ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அங்கே ஒரு மொட்டைத்தலைக் கழுகு உட்கார்ந்திருந்தது.

"மகாராஜா, எனக்குப் பேச உத்தரவா?"

"உத்தரவு! சீக்கிரம் சொல்லு!"

"நான் செத்ததைத் தின்னுப் பிழைக்கிறவ. அதனால உங்க எல்லாரோட உள்விவகாரமும் எனக்கு அத்துப்படி. எந்தத் தசை எங்கே இருக்கு, எந்த நரம்பு எங்கே போகுதுன்னு அலகாலேயே பிரிச்சுப் பார்த்திருக்கேன். உங்க தாத்தா தொடையைக்கூட ஒரு தடவை..."

"போதும் போதும்! விஷயத்துக்கு வா!" என்று பரட்டையார் அவசரமாகத் தொடையைப் பொத்திக்கொண்டார்.

கழுகு பாறைக்கு இறங்கி வந்தது. "இந்தத் தொடைத் தசைக்குள்ள அரிசியைவிட மெல்லிசா காவல்காரங்க நிறைய பேர் படுத்திருக்காங்க. தசையோட சேர்ந்து அவங்களும் நீளுவாங்க. தசை திடீர்னு இழுபட்டா அவங்களுக்குப் பொறுக்காது. உடனே நரம்பு வழியா 'இழுக்குது! இழுக்குது!'ன்னு சேதி அனுப்பிடுவாங்க."

"யாருக்கு? தலைக்குத்தானே?"

"அங்கதான் சங்கதியே இருக்கு! சேதி போறது முதுகெலும்புக்குள்ள இருக்கிற தண்டுவடத்துக்கு. இடுப்புக்கிட்டயே அங்க ஒரு சாவடி இருக்குன்னு வச்சுக்குங்க. சாவடிக்காரன் தலையைக் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டான். வந்த சேதியை அப்படியே இன்னொரு நரம்புல திருப்பி விடுவான். 'நீ இழுபட்டியா? சுருங்கு!'ன்னு அதே தசைக்கு உத்தரவு! அதே மூச்சுல தொடைக்குப் பின்னால இருக்கிற தசைக்கு, 'நீ குறுக்க நிக்காதே, தளர்ந்து கொடு!'ன்னு இன்னொரு உத்தரவு. முன்தசை சுருங்கும், பின்தசை தளரும், கால் எகிறும். கண் சிமிட்டுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்!"

"அப்போ தலை?" பரட்டையார் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"தலைக்கும் ஒரு சேதி போகும் மகாராஜா. ஆனா அது போய்ச் சேர்றதுக்குள்ள இங்க வேலை முடிஞ்சிடும்."

கொண்டையனுக்கு ஒன்று புரியவில்லை. "நான் தசையை இழுக்கவே இல்லையே, கழுகம்மா? முழங்காலுக்குக் கீழேதானே தட்டினேன்?"

"சில்லுக்குக் கீழே ஒரு நாண் ஓடுது, தம்பி. மேலே இருக்கிற தொடைத் தசையோட வால் அது. நாணைத் தட்டினா தசை ஒரு சுண்டு சுண்டி இழுபடும். சின்னத் தட்டுதான்! காவல்காரங்களுக்கு அதுவே போதும்."

பரட்டையார் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு மார்பை நிமிர்த்தினார். "அதெல்லாம் மந்தி காலுக்குச் சரி. இது ராஜா கால்! என் உத்தரவை மீறி அசையுமா?"

"அசையவே அசையாது!" என்றது முள்ளம்பன்றி.

"டேய் கொண்டையா! வந்து தட்டிப் பாரு. என் கால் அசைஞ்சா இவளை விட்டுடறேன். அசையலைன்னா இப்பவே கிளம்பணும்!"

காத்தாயி குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பரட்டையார் சிம்மாசனத்தில் ஏறி, தேனடையைத் தள்ளிவிட்டு, முன்விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டார். முள்ளம்பன்றி வேடிக்கை பார்க்கிற ஆசையில் அந்தக் கால்களுக்கு நேர் எதிரே வந்து நின்றுகொண்டது. அதற்குப் புத்தி எங்கே போயிற்றோ!

"காலே! இது மகாராஜா உத்தரவு! அசையாதே!" என்று பரட்டையார் கர்ஜித்தார்.

கொண்டையன் அவர் வலது முழங்காலின் முடியை விலக்கினான். நாணைக் கண்டுபிடித்தான். அலகை ஓங்கினான்.

டொக்!

கால் எகிறியது! போய் முள்ளம்பன்றியின் முதுகில் பொத்தென்று இறங்கியது!

"ஐயய்யோ!" என்று கத்தியது மந்திரி. "ஆஆஆ!" என்று அலறினார் மகாராஜா. அவர் பாதத்தில் நாலு முள் நட்டமாக நின்றன.

காடு முழுக்கச் சிரிப்பு! உத்தரவு வாங்காமலே சிரித்தார்கள்! பலாமரம் அதிர்ந்தது, மான்கள் புரண்டன.

அப்போது அந்த வாலில்லாத முயல் முன்னால் வந்தது. ரொம்பப் பணிவாகக் கேட்டது. "மகாராஜா, உத்தரவில்லாம யார் கால் உதைச்சாலும் நாடு கடத்தணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? இப்ப ஊசிப்பாறைக்கு யாரு கிளம்பணும்?"

பரட்டையாருக்குக் கோபம் தலைக்கேறியது. "வாயை மூடு!" என்று பாறை மேல் துள்ளி எழுந்தார். வலது காலில் முள் என்பதால் இடது காலை மட்டும் ஊன்றினார். பாறையெல்லாம் தேன்! கால் பின்விளிம்பு வரை வழுக்கிக்கொண்டு போனது! அவர் அருவிப் பக்கம் சாய்ந்தார்!

"மகாராஜா!" என்று காத்தாயி கத்தினாள்.

இடது முழங்கால் திடுமென்று மடங்கியது. அடுத்த கணமே தொடை கல்லாக இறுகியது. முழங்கால் நிமிர்ந்தது. பரட்டையார் ஆடினார், தள்ளாடினார், நின்றுவிட்டார். அவர் குதிகாலுக்கு ஒரு சாண் பின்னால் அருவி கொட்டிக்கொண்டிருந்தது.

பரட்டையார் மெல்லக் குனிந்து தன் காலைப் பார்த்தார். நின்ற பிறகுதான் அவருக்கு நடுக்கமே வந்தது.

"இது... இதுக்கு நான் உத்தரவு கொடுக்கலையே!" என்று முனகினார்.

"கொடுக்க நேரம் ஏது மகாராஜா?" என்றது கழுகு. "முழங்கால் மடங்கினதும் தொடைத் தசை இழுபட்டது. காவல்காரன் கத்தினான். சாவடி உத்தரவு போட்டது. தசை இறுகிடுச்சு. நீங்க 'விழறேனோ?'ன்னு யோசிக்க ஆரம்பிக்கும்போதே உங்களைப் பிடிச்சு நிறுத்தியாச்சு! காத்தாயியை உதைக்க வச்சதும் இதே வேலைதான். அந்தக் கால் உங்ககிட்ட வந்து 'உத்தரவா?'ன்னு கேட்டுக்கிட்டு நின்னிருந்தா, நீங்க இந்நேரம் அருவிக்குள்ள இருந்திருப்பீங்க. எனக்கும் ராத்திரிச் சாப்பாடு கிடைச்சிருக்கும்!"

பரட்டையார் பாறையிலிருந்து பார்த்துப் பார்த்து இறங்கினார். நொண்டிக்கொண்டே காத்தாயி இருந்த கிளைக்குக் கீழே வந்தார். வீங்கிய மூக்கோடு மேலே பார்த்தார். ராஜாவின் கண் கலங்கியிருந்ததை அன்றைக்குத்தான் காடு பார்த்தது.

"நீ எங்கேயும் போக வேண்டாம்மா. உன்னை அனுப்பணும்னா முதல்ல என் காலை அனுப்பணும். என்னைக் காப்பாத்தின காலை நான் எப்படி அனுப்புவேன்? தப்பு என்னோடதுதான்." பிறகு கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு. இனிமே சிறுத்தையைப் பார்த்தா நீயே கத்திடு. எனக்கு அப்புறமா வந்து சொன்னா போதும்."

காத்தாயி சந்தோஷத்தில் ஒரு துள்ளு துள்ளினாள். குட்டியின் தலையில் முத்தமாகக் கொடுத்தாள். கொண்டையன் கிளையைச் சுற்றி மூன்று வட்டம் அடித்தான்.

அன்று சாயங்காலமே சிறுத்தை வந்தது! உச்சிக் கிளையில் இருந்த காத்தாயி புதர் அசைவதைப் பார்த்தாள். யாரையும் கேட்கவில்லை. பார்த்த அதே நொடியில் காடு அதிரக் குரல் கொடுத்தாள். முயல் வளைக்குள் பாய்ந்தது, மான்கள் ஓடையைத் தாண்டின. சிறுத்தை வெறும் வயிற்றோடு ஊசிப்பாறைக்குத் திரும்பியது.

எல்லாம் முடிந்த பிறகு காத்தாயி இறங்கி வந்தாள். பரட்டையார் பாதத்தில் பச்சிலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மகாராஜா, சிறுத்தை வந்துட்டுப் போயிடுச்சு!" என்றாள்.

"அப்படியா? சேதி இப்பத்தான் வருது!" என்று பரட்டையார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஆஹா! என்ன ஒரு சிரிப்பு!" என்றது முள்ளம்பன்றி. இந்த முறை அது ராஜாவின் காலுக்கு எட்டாத தூரத்தில் நின்றது.

நீதி: எல்லாமே தன் உத்தரவால்தான் நடக்க வேண்டும் என்று நினைக்கிறவன், தன்னைத் தாங்கி நிற்கிறவர்களையே தண்டித்துவிடுவான்.