சும்மாடும் பொன்னாடையும்

பொன்னாடை ஒன்று. அதற்குக் கழுத்தை நீட்டியவர்கள் மூன்று பேர். நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. இருந்தாலும் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது.

கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில், மேல்தளத்திலிருந்து நழுவிய கம்பி ஒன்று கொத்தனார் இசக்கிமுத்துவின் காதுக்கு மேலே மண்டையைத் துளைத்து நின்றுவிட்டது. ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆள் சாகவில்லை, உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். சூப்பர்வைசர் பால்துரை செல்போனைத் தூக்கிப் படம்பிடித்தான். த்தூ!

கோயில் கொடைத் திருவிழாவில் பக்தர்களின் கன்னத்து அலகை உருவிவிடுகிற மாசிலாமணி ஓடிவந்தார். அவர் அலகை உருவித் திருநீறு அப்பினால் சொட்டு ரத்தம் வராது என்பது ஊர் நம்பிக்கை. இங்கேயும் காயத்துக்குள் திருநீற்றைத் திணித்துவிட்டு, கம்பியை உருவக் கை வைத்தார்.

சித்தாள் மாடத்தி பாய்ந்து அவர் மணிக்கட்டைக் கடித்தாள்.

"உருவ விடுட்டி பாவி! அவுக உசுரு போவுது" என்று, சேதி கேட்டு ஓடிவந்த இசக்கிமுத்துவின் மனைவி மாடத்தியின் முடியைப் பிடித்து இழுத்தாள்.

"தலையில சொமை ஆடுனாலே கழுத்து போயிரும், மதினி. இது தலைக்குள்ள நிக்கி. ஆட விடமாட்டேன்."

சுமைக்கு அடியில் தலையில் வைக்கும் தன் சும்மாட்டுத் துணியை உதறி வளையமாகச் சுருட்டி, கம்பியைச் சுற்றி வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். கவுன்சிலர் திரவியத்தின் காரில் பெரியாஸ்பத்திரி வரை ஒன்றரை மணி நேரமும் அதே பிடிதான். சீட்டெல்லாம் ரத்தம் என்று கவுன்சிலர் வழிநெடுக முணுமுணுத்தார்.

டாக்டர் ஸ்கேன் பார்த்து, மண்டையோட்டைத் திறந்து, கிழிந்திருந்த ரத்தக்குழாயைக் கட்டிய பிறகுதான் கம்பியை எடுத்தார். அதுவரை அந்தக் கிழிசலை அடைத்துக்கொண்டிருந்தது கம்பியேதான். ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது, மூளையில் சீழ். மறுபடி திறந்தபோது சீழோடு சாம்பல் வந்தது. ஆறு வாரம் ஊசி, வலிப்பு வராமலிருக்க மாத்திரை என்று கிடந்து, இசக்கிமுத்து நடந்தே வீடு திரும்பினார்.

உயிரைக் காத்தவருக்குப் பொன்னாடை என்று ஊரில் விழா எடுத்தார்கள்.

"என் கார் இல்லைன்னா?" என்றார் கவுன்சிலர்.

"நான் வீடியோ போட்டுத்தான் ஊருக்கே தெரிஞ்சுது" என்றான் பால்துரை, கொஞ்சமும் கூசாமல்.

"காப்பாத்துனது திருநீறு. சீழ் வச்சது அவ அழுக்குத் துணி" என்றார் மாசிலாமணி. கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். மாடத்தியை யாரும் அழைக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள்: அந்தப் பொன்னாடை யார் தோளில் விழ வேண்டும்?

விடை: மாடத்தியின் தோளில்தான். கம்பியை அங்கேயே உருவியிருந்தால் அடைப்புத் திறந்து இசக்கிமுத்து அந்த இடத்திலேயே போயிருப்பார். சும்மாடு காயத்துக்கு வெளியேதான் இருந்தது. உள்ளே போனது திருநீறு, சீழில் வந்ததும் அதுவே. சந்தேகமிருந்தால் மாசிலாமணியின் சட்டைக் கையை மடித்துப் பாருங்கள், அவளுடைய பல் தடம் இருக்கும். பொன்னாடையைக் கவுன்சிலர் வாங்கிக்கொண்டு போனார். இசக்கிமுத்துவும் மனைவியும் விழாவுக்கு வரவில்லை. அந்நேரம் அவர்கள் மாடத்திக்குச் சும்மாட்டுத் துணி எடுக்க ஜவுளிக்கடையில் நின்றார்கள்.