கேட்காமல் பூசிய தைலம்

தென்காசிக்கு மேற்கே, பஸ் நிற்கிற இடத்திலேயே உலகம்மாளின் வைத்தியசாலை இருந்தது. அவரிடம் படித்த ஒரே சீடர் சொள்ளமுத்து. குருவைவிட வயதில் மிகவும் மூத்தவர். அதனால் உலகம்மாள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் காலையில் சொள்ளமுத்துவின் தம்பி ஐயம்பெருமாள் அங்கே வந்து நின்றான். பல வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மனைவி செத்தபோது துஷ்டி கேட்க, துக்க வீட்டுக்கு, அவன் வரவில்லை. அன்றோடு பேச்சு அறுந்தது. சொள்ளமுத்து ஒன்றை மனதில் வைத்தால் வைத்ததுதான்.

உலகம்மாள் பக்கத்து ஊருக்கு நோயாளி பார்க்கப் போயிருந்தார். தம்பியின் முதுகு நிறையச் செதில் செதிலாகப் படை. சின்ன வயதிலிருந்தே உள்ள காளாஞ்சகப்படை. ஒரே பாயில் படுத்து வளர்ந்தவருக்கு அது தெரியாதா? சொள்ளமுத்து ஒரு வார்த்தை பேசாமல் வெட்பாலைத் தைலத்தைப் பூசினார். வெயிலில் கிடந்த பெஞ்சைக் கையால் காட்டினார். தம்பி போய் உட்கார்ந்தான்.

உலகம்மாள் திரும்பியபோது அவன் முதுகில் கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்திருந்தது. அவனை நிழலுக்குக் கூட்டிவந்து சுத்தமான துணியால் மூடினார்.

"படைக்குப் பூசுகிற தைலம்தானே அம்மா. வெயிலில் உட்கார வைப்பதும் வழக்கம்தானே. இவனுக்குப் படை இருப்பது உண்மை," என்றார் சொள்ளமுத்து.

"உண்மைதான். கூடவே இன்னொன்றும் இருக்கிறது. படை உள்ளவர்களுக்கு அபூர்வமாக இந்தக் கொப்புள நோயும் சேர்ந்து வரும். பூசும்போது கொப்புளம் இருந்ததா?"

"ஒன்றிரண்டு இருந்தது. தைலத்தில் அமுங்கிவிடும் என்று நினைத்தேன்."

"எரிகிறதா என்று கேட்டீரா?"

தொடுவதற்கு முன்னால் கேட்பதுதான் அங்கே முதல் பாடம். சொள்ளமுத்து அதைக் கேட்கவில்லை.

உலகம்மாள் தம்பியிடம் திரும்பினார். "நீராவது சொல்லியிருக்கலாமே. இப்படி வெந்துபோகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாரா ஒரு மனுஷர்?"

"வெயில் பட்டாலே எரியும் அம்மா. வாயைத் திறந்தால் அண்ணன் எழுந்து போய்விடுவாரோ என்று இருந்தது. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் தொட்டார். அது போதும் என்று இருந்துவிட்டேன்."

பிறகு சொள்ளமுத்து கேட்டார். "இந்த இரண்டாவது நோய்க்கு மருந்து எது அம்மா? அரைத்துத் தருகிறேன்."

"என்னிடம் இல்லை. திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்றைக்கே. விட்டால் உயிருக்கு ஆபத்து."

"விவரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வருகிறேன்."

"என்ன எழுதுவேன்? எப்போது தொடங்கியது, எங்கே முதலில் வந்தது, எனக்கு என்ன தெரியும்? உட்கார்ந்து கேட்டு எழுதுவதற்குள் பஸ் போய்விடும். இவருக்கு இப்போதே காய்ச்சல் ஏறுகிறது. அங்கே போய்ச் சேரும்போது பேசுகிற நிலையில் இருப்பாரோ என்னவோ. டாக்டர் உம்மிடம்தான் கேட்பார்."

சொள்ளமுத்து துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"பஸ் போய்ச் சேர நேரமாகும் அண்ணாச்சி. அவர் பக்கத்திலேயே உட்காரும்."